கடற்புறச் சன்னலும் ஒரு செருமானியப் பாட்டும்

சென்ற திங்கள் ஒருநாள் மாலை, பினாங்கில் நான் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற இசைக்கருவிக் கடைக்குப் போயிருந்தேன். புதிதாக வந்திறங்கிய இசைத்தட்டுகளை அங்குள்ள இளைஞர்கள் ஒவ்வொன்றாகச் சுழலவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தனர். அவற்றுள் ஒன்று செருமானிய மொழிப் பாட்டு. ஒரு பெண்குரல், அதனோடு ஒரு பியானோ மட்டும். முதலடி முடிவதற்குள் நான் எழுந்துசென்று கடலைப் பார்த்த சன்னலைச் சாத்திக் கொக்கியிட்டுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்பதை எழுந்தபோது நான் அறியேன். கை தானாகவே அதைச் செய்தது.

“என்னங்கய்யா, கொசுவா?” என்றான் செல்வராசு. பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கும் என் பழைய வேலையில் இப்போது இருப்பவன் அவன்.

“இல்லை.”

“அப்புறம் ஏங்க? காத்து வரட்டும்லா. உள்ள புழுங்குது.”

“பாட்டு முடியட்டும்,” என்றேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தனர். பாட்டு முடிந்தபின் சன்னலை நானே திறந்துவைத்தேன். அன்றுமுதல் காரணம் கேட்டு விடாது நச்சரிக்கின்றனர். வாய்ச்சொல்லாகச் சொல்லத் தொடங்கினால் எனக்குக் குரல் நிலைப்பதில்லை. ஆகவே எழுதித் தருவதாகச் சொல்லிவந்தேன்.

அப்பாட்டை ஆக்கிய இசைமேதையின் பெயரை நான் இங்கு எழுதப்போவதில்லை. நூறாண்டுகளுக்கு முன் வாழ்ந்து இளமையிலேயே மறைந்தவர். தனிக்குரலுக்கும் பியானோவுக்குமாக நூற்றுக்கணக்கான பாடல்களை ஆக்கியவர். பெரும்போர் நடந்த ஆண்டுகளில் அப்பெயரை இவ்வூரில் உரக்கச் சொல்லாதிருக்கப் பழகினேன். அப்பழக்கம் நாவை விட்டாலும் கையை விட்டுப் போகவில்லை.

தொழில் கற்ற கதையைச் சுருங்கச் சொல்லிவிடலாம். தந்தையார் கோயிலில் தேவாரம் ஓதியவர். சுருதி பிசகினால் எனக்கு உடம்பு கூசும் இயல்பு அவரிடமிருந்து வந்தது. கிறித்தவப் பள்ளியில் ஆங்கிலம் கற்றேன். படிப்பு முடிந்ததும் ஆங்கிலேயர் ஒருவர் நடத்திய இந்தக் கடையின் பட்டறையில் சேர்ந்தேன். பட்டறைத் தலைவர் காரைக்காலிலிருந்து வந்த சவரிமுத்து மேத்திரியார். எனக்குத் தெரிந்த தொழில் முழுவதும் அவர் தந்தது.

மேத்திரியார் உரத்த குரலினர். அவர் மெல்லப் பேசி எவரும் கேட்டதில்லை. மூடிதிறந்த பியானோக்கள் வரிசையாக நிற்கும் பட்டறையில் அவர் ஒரு சொல் சொன்னால், அச்சொல்லின் சுருதிக்கு ஒத்த கம்பிகள் தாமே அதிர்ந்து விடைகூறும். “பாத்தியா, மரத்துக்குக் கூட நான் சொல்றது வெளங்குது. ஒனக்கு வெளங்கல,” என்று எங்களைக் கடிந்துகொள்வார்.

ஒரு வீட்டுக்குச் சென்றால் முதலில் பியானோவின் கட்டைகளைத் தொடலாகாது என்பது அவர் விதி. கால்மிதிகளுக்கு மேலுள்ள கீழ்ப்பலகையைக் கழற்றி, தரையில் மண்டியிட்டு உள்ளே முகர்ந்து பார்க்கவேண்டும். “மொதல்ல மூக்கு. அப்புறந்தான் காது,” என்பார். ஈரமேறிய கம்பளித் துண்டுக்கு ஒரு வாடை உண்டு; புளித்த பசைக்கு வேறொன்று; எலி குடியிருந்தால் அதைச் சொல்லவே வேண்டா. பினாங்கின் ஈரக்காற்று ஐரோப்பாவில் செய்த பியானோவை ஈராண்டுக்குள் தின்றுவிடும். கம்பிகள் துருவேறும், கட்டைகள் பருத்து எழாமல் நிற்கும், ஒட்டிய இடமெல்லாம் விட்டுப்போகும்.

இதற்கு மேத்திரியார் கண்ட மாற்று இரண்டு. கீழ்ப்பலகைக்கு மாறாகச் செம்புக் கம்பிவலை பொருத்துவது முதலாவது. காற்று போகும், எலி போகாது. மின்சாரம் வந்த வீடுகளில், அவ்வலைக்குப் பின்னே பியானோவின் வயிற்றுக்குள் ஒரு சிறு மின்விளக்கைத் தொங்கவிடுவது இரண்டாவது. அதன் சூடு உள்ளிருக்கும் ஈரத்தை உலர்த்தும். மழைக்காலத்தில் பகலானாலும் இரவானாலும் அதை அணைக்கலாகாது. மேத்திரியார் அதைத் தம் மாதாகோயிற் பீடத்து விளக்குக்கு ஒப்பிடுவார். நான் நந்தா விளக்கு என்பேன். வீட்டு வேலையாட்களிடம் நாங்கள் கண்டிப்பாகச் சொல்லிவைப்பதால், ஊரடங்க எல்லா விளக்குகளையும் அணைத்து வருபவர் அதை மட்டும் தொடமாட்டார். ஒரு வீட்டில் ஆயா அதன்முன் நாள்தோறும் பூவைத்து வந்ததையும் கண்டிருக்கிறேன். நாளடைவில் அது விளக்கு என்னும் எண்ணமே எல்லார்க்கும் போய்விட்டது. அது பியானோவின் ஓர் உறுப்பு, அவ்வளவே. பின்னே நேர்ந்தது அனைத்தும் இதனால் நேர்ந்தது.

கடலோரப் பெருஞ்சாலையில் செருமானிய வணிகர் ஒருவரின் மாளிகை இருந்தது. அவர் மனைவியார் பெயர் எல்சா. அவ்வீட்டுப் பியானோவைத் திங்கள்தோறும் பார்த்துவருவது என் பொறுப்பாயிற்று. பியானோவை அவர் சுவரோரம் வைக்கவில்லை. மாடியறையின் நடுவே, வாசிப்பவரின் முதுகு கடற்புறச் சன்னலை நோக்கியிருக்குமாறு வைத்திருந்தார். கடற்காற்று தோளில் படவேண்டும் என்பார். நான் சுருதி சேர்த்து முடித்ததும், சரிபார்ப்பதற்கென்று அமர்ந்து ஒரு பாட்டுப் பாடுவார். எப்போதும் அந்த இசைமேதையின் பாட்டே. பெரும்பாலும் ஒரே பாட்டு.

முதன்முறை கேட்டபோது கருவிகளைப் பையில் இட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். நம் இசையில் குரலே அரசு. சுருதி அதன் காலடியில் ஒரே நிலையில் நிற்கும். முழவு அதற்கு நடை அளந்து கொடுக்கும். இங்கே பியானோ குரலுக்கு ஏவல் செய்யவில்லை; அருகில் நின்ற இன்னோர் ஆளைப்போலத் தன் கருத்தைத் தான் சொல்லிற்று. சொற்பொருளை அம்மையார் ஆங்கிலத்தில் விளக்கினார். மாலைப்பொழுதில் ஒருவன் ஆற்றோரமாக வீடு திரும்புகிறான். நீர் அமைதியாயிருக்கிறது, எனக்கு எதிலும் அச்சமில்லை என்று பாடுகிறான்.

“குரல் அமைதியாகத்தான் இருக்கிறது,” என்றேன். “ஆனால் உங்கள் விரல்கள் நடுங்குவதைப்போல வாசிக்கின்றனவே?”

“அவர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்,” என்றார் அம்மையார். “பாடுகிறவன் தனக்கு அச்சமில்லை என்கிறான். பியானோ அவனை நம்பவில்லை.”

அதுமுதல் திங்கள்தோறும் அப்பாட்டுக்காகக் காத்திருந்தேன். எனக்குக் குரல்வளம் இல்லை. ஆயினும் பட்டறையில் தனித்திருக்கும்போது அதன் பியானோப் பகுதியை நினைவிலிருந்து தடவித்தடவி வாசித்துப் பார்ப்பேன். விரல்களைக் காட்டிலும் கால்மிதியே என் மனத்தில் நன்கு பதிந்திருந்தது. கீழ்ப்பகுதியைப் பார்த்தே பழகிய தொழில் அல்லவா? நீண்டு ஒன்று, குறுகி இரண்டு, மறுபடி நீண்டு ஒன்று. நடுவில், அவன் ஆற்றைத் திரும்பிப் பார்க்குமிடத்தில், மிதி எழாமல் நெடிது அழுந்தி நிற்கும்.

பிறகு ஐரோப்பாவில் போர் மூண்டது; எங்களை ஆண்ட ஆங்கிலேயர்க்குச் செருமானியர் எதிரிகளாயினர். எல்சா அம்மையாரின் கணவரைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய்க் காவலில் வைத்தனர். அம்மையார் மட்டும் வெளியே செல்வதில்லை என்று உறுதிமொழி கொடுத்து வீட்டிலிருக்க இசைவு பெற்றார். கடையில் பியானோக்களின் நெற்றியிலிருந்த செருமானியப் பெயர்களின்மேல் கறுப்புத்தாள் ஒட்டினோம். செருமானியப் பாட்டுத்தாள்களையெல்லாம் பின்கட்டில் குவித்துக் கொளுத்துமாறு கடை முதலாளியான துரை கட்டளையிட்டார். மேத்திரியார் ஒவ்வொரு தாளாக நெருப்பிலிட்டார். “ஆத்தங்கரையில நடந்து போறவன் என்னடா பண்ணிப்புட்டான் இவனுங்கள?” என்று அவர் கேட்டது உள்ளே கேட்கவில்லை. அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டது அதுவே முதன்முறை.

எதிரியின் போர்க்கப்பல் ஒன்று விடியுமுன் நம் துறைமுகத்துக்குள் புகுந்து சுட்டதை இவ்வூர்ப் பெரியோர் அனைவரும் அறிவர். நான் அப்போது பட்டறையின் பின்னறையில் தங்கியிருந்தேன். என்னை எழுப்பியது பீரங்கியொலி அன்று. பட்டறையிலிருந்த பியானோக்கள் அனைத்தும் ஒருசேர முனகிய ஒலி. பழுதுபார்ப்பதற்காக, கம்பிகளின் அதிர்வை நிறுத்தும் அடக்கிகளைக் கழற்றி வைத்திருந்தமையால், தொலைவில் வெடித்த ஒவ்வொரு வெடிக்கும் நூற்றுக்கணக்கான கம்பிகள் தாமே அதிர்ந்து நெடுநேரம் ஓயாமல் இரைந்தன. இருளில், ஆளில்லா அறையில், கேட்கும் திசையறியாத அந்த முனகல்! நான் இரு கைகளாலும் கம்பிகளை அழுத்திப் பிடித்தேன். ஒன்றை அடக்கினால் மற்றொன்று தொடங்கிற்று.

அதன்பின் ஊர் ஊராக இல்லை. உள்ளூரிலிருந்து எவரோ விளக்குக்காட்டிக் கப்பலை அழைத்தார் என்ற பேச்சு பரவிற்று. கடலோர வீடுகளில் கடலை நோக்கி வெளிச்சம் தெரியலாகாது என்று ஆணை பிறந்தது. உளவர் எனப்பட்டவரைச் சுட்டுவிடுவர் என்றனர். பழகியவர்களே பழகியவர்களைப் பார்த்து நடைபாதை மாறினர்.

கடற்கரை மரத்தடியில் காதர் நானாவின் தேநீர்க்கடை இருந்தது. மாலையில் கடையைக் கட்டிவிட்டு, பெரிய வீடுகளின் பின்புறமாக மணலில் நடந்து அவர் வீடு செல்வது வழக்கம். ஒருநாள் காலை நான் அங்குப் போனபோது நானாவைச் சுற்றிக் கூட்டம்.

“வாங்க வாத்தியாரே, ஒரு தே போடவா? சங்கதி கேட்டீங்களா? அந்த ஜெர்மன்காரி வீட்டுல உளவு வேலை நடக்குது லா.”

கூட்டத்தில் ஒருவன், “நானா, மொதநாளு பேயின்னு சொன்னீங்க!” என்றான்.

“மொதநாளு பேயி. விசாரிச்சதுக்கப்புறம் உளவு. நீ சும்மா இருடா,” என்றார் நானா. “வீட்டு வெளக்கெல்லாம் அணைச்சிட்டு இருட்டுல உக்காந்திருக்கா. சன்னல் பலகை இடுக்குல மட்டும் வெளிச்சம் வருது, போவுது, வருது, போவுது. கப்பலுக்கு ஜாடை காட்டுறா. இந்தா, இப்படி.”

அவர் கரண்டியை எடுத்துப் பால்டப்பாவின்மேல் தட்டிக் காட்டினார். நீண்டு ஒன்று. குறுகி இரண்டு. மறுபடி நீண்டு ஒன்று. பிறகு கரண்டியை உயர்த்தியபடியே நெடிது நிறுத்தினார். “இந்த எடத்துல மட்டும் ரொம்ப நேரம் இருட்டு. அப்புறம் மறுபடியும்.”

என் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்துவிட்டேன். அது உளவுக்குறி அன்று, அந்தப் பாட்டு. அம்மையார் ஆணைக்கு அடங்கி அறைவிளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, இருளில் நினைவிலிருந்து மெல்ல வாசித்துப் பாடியிருக்கிறார்; அலையிரைச்சலில் அது கரைக்குக் கேட்டிராது. அணைக்கலாகாதென்று நாங்கள் சொல்லிவைத்த விளக்கு மட்டும் பியானோவின் வயிற்றில் எரிந்திருக்கிறது. வலமிதியை அழுத்தினால் உள்ளே ஒரு மரச்சட்டம் எழும்பும். அது விளக்கை மறைக்கும். காலை எடுத்தால் விளக்கு தெரியும். அருகில் விரலளவு அசையும் நிழல், எதிரேயுள்ள சன்னலில் ஆளுயரம் அசையும்.

“யாரிடமாவது சொன்னீர்களா, நானா?”

“மாத்தா வீட்டுலயே போய்ச் சொல்லிட்டேன்,” என்றார். காவலரை அந்நாளில் மாத்தா என்பது வழக்கம். “நாளைக்கு நமக்குக் குண்டு விழுந்தா யாரு பாக்குறது?”

பட்டறைக்கு ஓடி மேத்திரியாரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த திருகியைத் துணியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“வாயத் தொறக்காத,” என்றார், உதடு அசைவது மட்டும் தெரிய. “போயிச் சொன்னேன்னு வையி. அது பாட்டுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்னு கேப்பான். எதிராளி பாட்டு தமிழனுக்கு எதுக்குன்னு கேப்பான். அப்புறம் வெளக்கு யாரு வச்சதுன்னு கேப்பான்.”

“சொல்லாவிட்டால் அந்த அம்மாவைச் சுட்டுவிடுவார்களே, மேத்திரி.”

“எனக்குத் தெரியாதா?” என்றார். அதன்பின் நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பட்டறையில் ஒரு கம்பிகூட விடைகூறவில்லை.

முடிவெடுக்கும் வேலை எனக்கு இல்லாமற்போயிற்று. அன்று பிற்பகலே தன்னார்வப் படையின் அதிகாரி ஒருவர், துப்பாக்கி ஏந்திய வீரர் இருவருடனும் காதர் நானாவுடனும் கடைக்கு வந்தார். மெலிந்த மனிதர். ஒரு சொல்லையும் உயர்த்திச் சொல்லாதவர். செருமானியப் பெண்ணின் பியானோவுக்குள் ஒளிக்குறி காட்டும் பொறி இருப்பதாக ஐயுறுவதாகவும், உடையாமல் திறந்துகாட்ட ஓர் ஆள் வேண்டுமென்றும் கேட்டார்.

மேத்திரியார் முன்னே வந்தார். “அது பொறி இல்லை, துரை. விளக்கு. ஈரத்துக்காக நான் சொல்லி வைத்தது,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர் பழைய குரல் எப்படியோ வந்துவிட்டது.

“விளக்கு கூடாதென்று ஆணை இருக்கிறதே?”

“அதை யாரும் விளக்கென்று எண்ணுவதில்லை, துரை.”

“கடலில் இருப்பவன் எண்ணுவான்,” என்றார் அதிகாரி. “சரி. விளக்கு என்றால் எரியும். ஏன் விட்டுவிட்டு எரிந்தது?”

அப்போது நான் பேசினேன். மிதியையும் சட்டத்தையும் நிழலையும் சொன்னேன். அந்த ஒழுங்கு ஒரு பாட்டின் ஒழுங்கு என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அந்தப் பாட்டு உனக்குத் தெரியுமா?”

“கேட்டிருக்கிறேன்.”

“வாசிக்க வருமா?”

மேத்திரியார் எச்சரித்த இடத்துக்கு வந்துவிட்டோம். வராது என்றால் அம்மையார்க்கு வேறு சான்று இல்லை. வரும் என்றால் எதிரி நாட்டுப் பாட்டை மனப்பாடமாக வைத்திருப்பவன் நான்.

“ஓரளவு வரும்,” என்றேன்.

“அப்படியானால் அவள் வாசிக்கவேண்டா. அவள் வாசித்தால் எதை வேண்டுமானாலும் மாற்றுவாள். நீ வாசி. இந்தத் தேநீர்க்கடைக்காரர் கரையில் என்னோடு நின்று பார்ப்பார். முன்பு கண்டதே மறுபடியும் தெரிந்தால், அது பாட்டு. வேறு ஏதேனும் தெரிந்தால், நீயும் அவளோடு நிற்கவேண்டியிருக்கும்.”

மாளிகையில் எல்சா அம்மையார் ஒரு நாற்காலியில் அமர்த்தப்பட்டிருந்தார். அவரோடு நான் ஒரு சொல்லும் பேசலாகாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். நான் மண்டியிட்டுக் கம்பிவலையைக் கழற்றினேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதிகாரி குனிந்து பார்த்து, வலமிதியைக் கையால் அழுத்தி விடுவித்துப் பார்த்தார். வலையைப் பொருத்தச் சொன்னார். பொழுது சாயக் காத்திருந்தோம்.

என் தொழில்வாழ்வில் அந்தக் காத்திருப்பைப் போன்ற ஒன்றை நான் அறியேன். வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறிற்று. அம்மையார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திங்கள்தோறும் வந்துபோன தமிழன் படைவீரரை அழைத்துவந்து பியானோவைத் திறந்து காட்டுகிறான். இதைத் தவிர அவர் அறிந்தது ஒன்றுமில்லை. காட்டிக்கொடுத்தவனைப் பார்க்கும் பார்வை அது. அதை மறுத்துச் சொல்ல எனக்கு வாயில்லை. கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

விளக்குவைக்கும் நேரம் வந்தது. அதிகாரியும் நானாவும் மணலுக்கு இறங்கினர். ஒரு வீரன் மாடியில் எங்களோடு நின்றான். அறை இருண்டது. என் கணுக்காலருகே மட்டும் மங்கிய மஞ்சள் ஒளி. கீழிருந்து விசில் ஒலித்ததும் நான் தொடங்கினேன்.

நீண்டு ஒன்று, குறுகி இரண்டு. பட்டறையில் நான் மறைவாக வாசித்துப் பழகியது இவ்வளவு பெரிய அறையில் கேட்டதில்லை. விரல்கள் தம்போக்கில் நடுங்கின. காலை மட்டும் விடாது பிடித்திருந்தேன். அவன் ஆற்றைத் திரும்பிப் பார்க்கும் இடத்தை நெருங்கியதும் எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. அடுத்த கட்டை எது என்று தெரியவில்லை. மிதியை எப்போது அழுத்துவது, எவ்வளவு நேரம் நிறுத்துவது, ஒன்றும் தெரியவில்லை. கீழே இருவர் என் காலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர் என்பது மட்டும் தெரிந்தது.

அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது. அம்மையார் பாடத் தொடங்கியிருந்தார். உரக்க அன்று, வழிகாட்டும் அளவுக்கு. நான் என்ன செய்கிறேன் என்பதை அவர் எந்தக் கணத்தில் அறிந்துகொண்டாரோ, நான் அறியேன். வீரன் துப்பாக்கியை அசைத்தான். தடுப்பதா விடுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. அக்குரலில் ஒரு சிறு நடுக்கமும் இல்லை. நீர் அமைதியாயிருக்கிறது, எனக்கு அச்சமில்லை என்றது. அவர் குரல் நீண்ட இடத்தில் என் கால் அழுந்தி நின்றது. அவர் விட்ட இடத்தில் எழுந்தது. என் விரல்கள் கட்டைகளின்மேல் நடுங்கிக்கொண்டே இருந்தன. ஒருவேளை, அந்த இசைமேதை எழுதியவாறே அப்பாட்டு இவ்வூரில் ஒலித்தது அன்று ஒருமுறைதான்.

சன்னலுக்குக் கீழே காதர் நானாவின் கூச்சல் கேட்டது.

“அதேதான் துரை! அதே ஆட்டந்தான்! இந்தா, இருட்டு, இருட்டு, இன்னும் இருட்டு... வந்துருச்சு பாருங்க!”

அதே என்ற சொல்லுக்காகவே இவ்வளவும் செய்தோம். ஆயினும் அச்சொல் செவியில் விழுந்த கணத்தில், தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள் என்றே என் உடம்பு எண்ணிற்று. வாசிப்பு நின்றுபோயிற்று. அம்மையார் மட்டும் தொடங்கிய அடியைப் பாடி முடித்தார்.

அதிகாரி மேலே வந்தார். “இதை உனக்கு யார் கற்பித்தது?” என்றார்.

“யாருமில்லை. கேட்டுக்கேட்டு வந்தது.”

“இனி மறந்துவிடு.” அவர் தாமே குனிந்து, வலையை நீக்கி, சூடான மின்விளக்கைக் கைக்குட்டையால் பற்றித் திருகி எடுத்துச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். அறை முழுவதும் இருண்டது.

என்னை வெளியே போகச் சொன்னார். அப்போதுதான் அம்மையார் என்னிடம் பேசினார். நன்றி சொல்லவில்லை, பொறுத்தருள்க என்றும் சொல்லவில்லை.

“மழைக்காலம்,” என்றார். “விளக்கில்லாமல் இது தாங்காது, இல்லையா?”

“தாங்காது,” என்றேன்.

அன்று நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவே. உளவுக் குற்றம் அவர்மேல் நிலைக்கவில்லை. ஆயினும் எதிரி நாட்டவர் கடலோரம் வாழ்வது தகாது என்று சில நாள்களில் அவரையும் கப்பலேற்றி அனுப்பிவிட்டனர். கணவரோடு சேர்ந்தாரா, நாடு திரும்பினாரா, ஒன்றும் அறியேன். அறிய முயன்றால் அதையும் ஒருவர் குறித்துக்கொள்வார் என்று அஞ்சினேன்.

அதன்பின் மேத்திரியாரும் நானும் காவலர் ஒருவர் துணைவரக் கடலோர வீடுகளுக்கெல்லாம் சென்று, எங்கள் கைகளால் வைத்த விளக்குகளை எங்கள் கைகளாலேயே கழற்றினோம். பல வீடுகளில் அப்படியொன்று எரிவதே வீட்டாருக்குத் தெரியவில்லை. போர் முடியும்வரை நான் எங்கு வேலைக்குச் சென்றாலும் தெருமுனையில் ஒரு மாத்தா நிற்பார். எனக்காகத்தான் நின்றாரா என்பது இன்றுவரை தெரியாது. நிற்காத நாளிலும் நிற்பதாகவே நடந்தேன்.

காதர் நானா என்னைக் கண்டால் தேநீருக்குக் காசு வாங்குவதில்லை. “நான் கண்டதச் சொன்னேன் தம்பி. பொய் சொல்லலையே?” என்பார். சொல்லவில்லைதான். ஒருநாள் குரலைத் தாழ்த்தி, “அந்தம்மா பாட்டுல என்னா சொன்னாங்க?” என்று கேட்டார். பயமில்லை என்று சொன்னார்கள் என்றேன். “அடேயப்பா!” என்று இன்னொரு தே போட்டுத் தந்தார்.

அவ்வீட்டுப் பொருள்கள் ஏலத்துக்கு வந்தபோது அந்தப் பியானோ எங்கள் பட்டறைக்கே வந்து சேர்ந்தது. இரண்டு மழைக்காலங்கள் விளக்கின்றிக் கிடந்தது. நான் மண்டியிட்டு முகர்ந்தேன். பிறகு வலமிதியை அழுத்தினேன். கீழே போன மிதி மேலே எழவில்லை. உள்ளிருந்த சட்டம் பருத்து இறுகிவிட்டது. மேத்திரியார் பக்கத்தில் வந்து நின்றார். “எல்லாத்தையும் மாத்தணும்டா,” என்று உரக்கச் சொன்னார். பட்டறையிலிருந்த மற்றப் பியானோக்கள் முனகின. அது மட்டும் முனகவில்லை. அதன் கம்பிகள் அத்தனையும் துருவேறித் தளர்ந்துவிட்டன.

அமைதி திரும்பிய பின் விளக்குகளும் மெல்ல மெல்லப் பியானோக்களுக்குள் திரும்பின. இன்றைய இளைஞர்கள் அவற்றை வைக்கும்போது, அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது, ஏன் சில ஆண்டுகள் அறுபட்டிருந்தது என்று அறியாமலே வைக்கின்றனர்.

இதை எழுதி முடித்து நேற்று மாலை கடைக்குக் கொண்டுபோனேன். செல்வராசு எல்லாரும் கேட்கும்படி படித்தான். மேசைமேல் கிடந்த நாளிதழில் ஐரோப்பாவைப்பற்றிய செய்திகள் மறுபடியும் முதற்பக்கத்துக்கு வந்திருந்தன. படித்து முடித்தவன் தாள்களை மடித்துவிட்டு, நடுக்கூடத்தில் நின்ற விற்பனைப் பியானோவின் அடியைப் பார்த்தான். கம்பிவலைக்குள் சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் திரும்பிக் கடற்புறச் சன்னலைப் பார்த்தான். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

“ஐயா, அணைச்சிரவா?”

“மழைக்காலம், தம்பி,” என்றேன். “விளக்கை அணைத்தால் பியானோ கெட்டுவிடும். சன்னலைச் சாத்து.”

இம்முறை எவரும் சிரிக்கவில்லை. செல்வராசு சன்னலைச் சாத்திக் கொக்கியிட்டான். பிறகு தானாகவே வெளியே இறங்கி, கடற்புறம் சென்று நின்று, பலகை இடுக்குகளை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு வந்தான்.